புண்ணாக்கில் பூசணம்: சந்தேகங்களும் விளக்கங்களும்

ஐப்பசி, கார்த்திகை மழையில் நெய்வேலி நகரியத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் தீவன மூட்டை நமுத்துப் பூசணம் பிடிக்கும். அங்கே கறக்கும் பால் நகரியத்து வீடுகளுக்கும் வருகிறது என்பதால், இது மாடு வைத்திருப்பவர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயமல்ல.

பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கை வேகவைத்துக் கொடுத்தால் போதாதா?

போதாது. கொதிநீரில் பூசணம் சாகும். அது உண்டாக்கிய அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு அப்படியே இருக்கும். பெல்லட் தீவன ஆலையின் நீராவிச் சூட்டுக்கும் அது அழியாது.

செக்கில் ஆட்டும்போது நஞ்சு எண்ணெயோடு போய்விடுமே?

நடப்பது நேர்மாறு. பெரும்பகுதி நஞ்சு புண்ணாக்கிலேயே தங்குகிறது. எண்ணெய் பிரிந்து எடை குறைவதால், கிலோவுக்கு இவ்வளவு என்ற கணக்கில் இன்னும் கூடுகிறது. தானியத்தைத் தீட்டினால் தவிட்டில் சேரும். மக்காச்சோளத்திலிருந்து எத்தனால் எடுத்தால், மாவுச்சத்து சாராயமாகப் போக, மிஞ்சும் டிடிஜிஎஸ் சக்கையில் ஏறத்தாழ மூன்று மடங்காகும். விலை மலிவு என்று இன்று தீவனத்தில் கலப்பது இந்தச் சக்கையைத்தான்.

நம் பகுதியில் மல்லாட்டை என்று சொல்லும் கடலையில் கேடு செக்குக்குப் போகுமுன்பே தொடங்கிவிடுகிறது. மெஷினில் உடைக்கும்போது பருப்பு நொறுங்காமலிருக்கக் காய்மேல் தண்ணீர் தெளிக்கிறார்கள். அந்த ஈரமே பூசணத்துக்குப் போதும். பிறகு நல்ல பருப்பைப் பொறுக்கிக் கடைக்கு அனுப்பிவிட்டு, சுருங்கியது, கறுத்தது, சொத்தை எல்லாவற்றையும் ஆட்டக் கொடுக்கிறார்கள். நஞ்சு அதிகமாக இருப்பதே அந்தக் கழிவில்தான். நம் தட்டுக்கு வருவதைச் சுத்தம் செய்து, ஒதுக்கியதை மாட்டுக்கு வைப்பது பெரிய அநியாயம்.

பாலில் இறங்குமா?

இறங்கும். மாடு தின்ற நஞ்சில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு, அதிகம் கறக்கும் மாட்டில் அதைவிடக் கூடுதலாக, எம்1 என்ற வடிவில் வரும். பாலைக் காய்ச்சினாலும் போகாது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் நாடு முழுவதும் எடுத்த 6,432 பால் மாதிரிகளில் 368-இல் இது வரம்பைத் தாண்டியிருந்தது. தமிழ்நாட்டில் மட்டும் 551-க்கு 88. ஆறுதல் ஒன்று உண்டு: தீவனத்தை மாற்றினால் சில நாட்களிலேயே பால் தெளிந்துவிடும்.

மாட்டுக்கு ஆகாததைக் கோழி, வாத்துக்குப் போடலாமா?

கூடவே கூடாது. வாத்து மாட்டைவிடச் சீக்கிரம் சாகும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிக் குஞ்சுகள் மடிந்தபோதுதான் இந்த நஞ்சே கண்டறியப்பட்டது. காரணம், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு.

பிறகு என்னதான் செய்வது?

மல்லாட்டைக் காயை, குலுக்கினால் பருப்பு கலகலக்கும்வரை காயவையுங்கள். மக்காச்சோளத்தில் ஈரம் 12 சதவீதத்துக்குள் இருக்கட்டும். அரைக்குமுன் சலித்து நொய்யையும் தூசியையும் நீக்குங்கள். நஞ்சை உண்மையிலேயே குறைக்கும் வேலை இதுதான். மூட்டையைத் தரையில் போடாமல் பலகைமேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். மழைக்காலத்தில் மொத்தமாக வாங்கிக் குவிக்க வேண்டாம். சந்தேகம் வந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கலாம். நஞ்சு மூட்டைக்குள் திட்டுத்திட்டாகவே இருக்கும் என்பதால், பல மூட்டைகளில், மேல், நடு, அடி என்று எடுத்துக் கலந்து அனுப்புங்கள்.