ஹேவ்லாக் முக்குளிப்பு: திரும்பும் விமானத்திலிருந்து தொடங்கும் திட்டம்

அந்தமானில் ஸ்கூபா முக்குளிப்புக்குப் பெயர்போன தீவு ஹேவ்லாக். 2018 டிசம்பரில் இதற்கு சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள்; முக்குளிப்பவர்கள் இன்னும் பழைய பெயரையே சொல்கிறார்கள். போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 40 கி.மீ. தொலைவில் இருக்கும் இத்தீவில் விமான நிலையம் கிடையாது. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். அங்கிருந்து தனியார் விரைவுப் படகில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். அரசுப் படகு இன்னும் மெதுவாகப் போகும். சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலிலும் போகலாம், ஆனால் ஏறக்குறைய மூன்று நாள் கடலிலேயே கழியும்.

மற்ற சுற்றுலாக்களைப் புறப்படும் நாளிலிருந்து திட்டமிடலாம். முக்குளிப்புப் பயணத்தைத் திரும்பும் விமானத்திலிருந்து பின்னோக்கித்தான் திட்டமிட வேண்டும். அதற்குக் காரணம் நைட்ரஜன்.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. 20 மீட்டர் ஆழத்தில் அது தரையில் உள்ளதைப்போல மூன்று மடங்கு. சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டர் அதே அழுத்தத்தில்தான் அதைத் தருகிறது. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். உடல் அதைப் பயன்படுத்துவதில்லை, ஆனால் அழுத்தம் கூடக்கூட அது இரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் கரைந்துகொண்டே போகிறது. மெதுவாக மேலே வந்தால் மூச்சுவழி வெளியேறிவிடும். அழுத்தம் சட்டென்று குறைந்தால், மூடி திறந்த சோடா பாட்டிலில் நடப்பதுபோல, உடலுக்குள்ளேயே குமிழ்கள் உண்டாகும். இதுதான் அழுத்தத் தளர்வு நோய். எவ்வளவு ஆழத்திலிருந்து எவ்வளவு மெதுவாக ஏறலாம் என்ற அட்டவணையை முதலில் முறையாக வகுத்தவர் ஜான் ஸ்காட் ஹால்டேன்; ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் செய்த சோதனைகளின் அடிப்படையில் 1908இல் அதை வெளியிட்டார். அவருடைய மகன் ஜே.பி.எஸ். ஹால்டேனும் அழுத்தத்தின் விளைவுகளைத் தன் உடலிலேயே சோதித்தவர். பின்னாளில் இந்தியக் குடிமகனாகி 1964இல் புவனேஸ்வரில் மறைந்தார்.

கரையேறிய பிறகும் பல மணி நேரத்துக்கு உடலில் மிச்ச நைட்ரஜன் இருக்கும். பறக்கும் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் கிட்டத்தட்ட 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்குச் சமமாகக் குறையலாம். அந்தக் குறைவு போதும், குமிழ் உண்டாக. அதனால்தான் ஒரே ஒரு முறை முக்குளித்தவர் குறைந்தது 12 மணி நேரமும், பல நாள் முக்குளித்தவர் 18 மணி நேரமும் விமானம் ஏறக்கூடாது என்று டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பின் வழிகாட்டுதல் சொல்கிறது. இவை குறைந்தபட்ச அளவுகள். முழுதாக 24 மணி நேரம் விடுவதே நல்லது. போகும்போது இந்தக் கட்டுப்பாடு இல்லை. விமானத்திலிருந்து இறங்கிய அன்றே கடலில் இறங்கலாம்.

படகுப் பயணம் கடல்மட்டத்திலேயே நடப்பதால் நைட்ரஜனைப் பொறுத்தவரை அதற்குத் தடையில்லை. ஆனால் காற்று வலுத்தால் படகு ரத்தாகும். ஹேவ்லாக்கிலிருந்து காலைப் படகில் வந்து அன்று மதியமே விமானம் பிடிக்கத் திட்டமிடுபவர், படகு ரத்தானால் விமானத்தையும் இழப்பார். ஆகவே, கடைசி முக்குளிப்புக்கு மறுநாள் படகேறி, இரவு போர்ட் பிளேரில் தங்கி, அதற்கடுத்த நாள் பறப்பதே சரியான ஒழுங்கு. ஏழு நாள் பயணம் என்றால் முதல் நாள் தீவு சேர்வது, இரண்டு முதல் ஐந்தாம் நாள்வரை முக்குளிப்பு, ஆறாம் நாள் படகு, ஏழாம் நாள் விமானம். நான்கு நாள் என்பது தொடக்கநிலைச் சான்றிதழ்ப் பயிற்சிக்கும் போதும். 18 மீட்டர்வரை இறங்க அந்தச் சான்றிதழ் அனுமதிக்கும்.

பருவம் பார்ப்பதும் முக்கியம். ஜனவரி முதல் ஏப்ரல்வரை கடல் பெரும்பாலும் அமைதி. மே மாதத்துக்குப் பின் தென்மேற்குப் பருவக்காற்றில் படகும் முக்குளிப்பும் அடிக்கடி தடைப்படும். இந்திய நேரத்தையே பின்பற்றினாலும் அந்தமான் வெகுகிழக்கே இருப்பதால் ஐந்து மணி வாக்கில் விடிந்து, மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடுகிறது. முக்குளிப்புப் படகுகள் அதிகாலையிலேயே கிளம்புவது அதனால்தான்.

சிலிண்டரும் ஈய எடையும் தீவிலேயே வாடகைக்குக் கிடைக்கும். முகத்துக்குப் பொருந்தும் முகமூடியைச் சொந்தமாகக் கொண்டுபோவது வசதி. சொந்த ரெகுலேட்டர் இருந்தால் கைப்பையில் வைக்கலாம். டார்ச்சின் உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் போக வேண்டும். கத்தி பெரிய பெட்டியில்தான் போக வேண்டும். தீவில் ஏ.டி.எம். சிலவே இருப்பதால் கொஞ்சம் ரொக்கம் தேவை. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்தபின் இணையம் மேம்பட்டிருக்கிறது. ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு உள்ளவர்கள் ஊரிலேயே மருத்துவரின் ஒப்புதல் கடிதம் வாங்கிக்கொள்ள வேண்டும். தீவு வந்தபின் மருத்துவப் படிவத்தில் உண்மையை மறைப்பது உயிருக்கே ஆபத்து. சளி பிடித்திருந்தால் காதில் அழுத்தத்தைச் சமன்செய்ய முடியாது. அன்று முக்குளிப்பைக் கைவிட வேண்டியதுதான்.

போர்ட் பிளேரில் கழியும் அந்த இடைநாளுக்கு இன்னொரு பயனும் உண்டு. அழுத்தத் தளர்வு நோயின் அறிகுறிகள் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும்: மூட்டுவலி, மரத்துப்போதல், தோலில் தடிப்பு, காரணமில்லாத களைப்பு. இதற்கான அழுத்த அறைச் சிகிச்சை ஹேவ்லாக்கில் இல்லை, போர்ட் பிளேரில் கடற்படை வசம் இருக்கிறது. மேற்சொன்ன அறிகுறிகளில் ஒன்று தென்பட்டாலும் விமானம் ஏறக்கூடாது. ஆக்சிஜன் கேட்டு வாங்கிச் சுவாசிக்க வேண்டும். மருத்துவரிடம் முதல் வார்த்தையாக, எப்போது, எத்தனை மீட்டர் ஆழத்தில் முக்குளித்தது என்பதைச் சொல்ல வேண்டும்.