ஆயுதமா? ஆளா?

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர்களே! வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே, பெரியவர்களே!

எதிரணி நண்பர் ஆவேசமா ஒரு கேள்வி கேட்டுட்டுப் போனாரு. "ஒரே குண்டு, ஆள் காலி! இதுல என்னய்யா திறமை?"ன்னாரு. அவர் சொன்னது 'கவுன்ட்டர் ஸ்ட்ரைக்' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில் வரும் ஏ.டபிள்யூ.பி. துப்பாக்கியை. விளையாட்டு தெரியாத தாய்மார்களுக்காக முதல்ல அதை விளக்கிடறேன்.

2000-ஆம் ஆண்டு வால்வ் நிறுவனம் வெளியிட்ட விளையாட்டு இது. போட்டியில் அணிக்கு 5 பேர். ஒவ்வொரு சுற்றிலும் கையில இருக்கிற காசுக்குத்தான் ஆயுதம் வாங்க முடியும். நம்ம வீட்டு மாச பட்ஜெட் மாதிரியே!

அதில் ஏ.கே.47-க்கு விலை 2,700 டாலர். ஏ.டபிள்யூ.பி.க்கு 4,750! கால் தவிர உடம்பில் எங்கே பட்டாலும் ஆள் அவுட். உண்மைதான். ஆனா குறி தப்பினா? அடுத்த குண்டுக்குச் சுமார் ஒன்றரை விநாடி காத்திருக்கணும். எதிரி அதுவரைக்கும் கும்பிட்டுக்கிட்டா நிப்பான்? இவன் விழுந்தா, அந்தத் துப்பாக்கியை எதிரியே எடுத்துக்கலாம். அதுமட்டுமா? ஏ.கே.47-ஆல் ஒருத்தனை வீழ்த்தினா 300 டாலர் பரிசு. இதால் வீழ்த்தினா வெறும் 100. 2022 நவம்பரில் இதன் குண்டுகளையும் பத்திலிருந்து ஐந்தாகக் குறைத்துவிட்டார்கள். பலம் கொடுத்த இடத்தில் பாரத்தையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள், நடுவர் அவர்களே!

எல்லா ஆயுதமும் கத்துக்க ஒரே மாதிரின்னு நான் சொல்லலே. பி90-னு ஒண்ணு இருக்கு. 50 குண்டு. புதுசா வர்ற பையன் ஓடிக்கிட்டே சுடலாம், நாலாவது படும். ஆனா கத்துக்க எளிது என்பது வேற, ஜெயிக்க எளிது என்பது வேற. நல்லா ஆடுறவன் தூரத்தில் நின்னு ஏ.கே.47-ஆல் தலைக்குக் குறிவெச்சா, அந்த ஐம்பது குண்டும் அப்படியே பையில கிடக்கும்!

உண்மையிலேயே தப்பான ஆயுதம் வரவே வராதா? வந்துச்சே! 2015 டிசம்பரில் ஆர்8 என்ற ரிவால்வர் வந்தது. கைத்துப்பாக்கி விலைக்கு ஏ.டபிள்யூ.பி. வேலையைச் செய்தது. ஆட்டக்காரர்கள் கொதிச்சாங்க, சில நாளிலேயே அதன் பலத்தைக் குறைச்சுட்டாங்க. தராசு சாய்ந்தால் சரிசெய்ய வேண்டியவர் தயாரித்தவர். திட்டு வாங்க வேண்டியவன் ஆட்டக்காரன் அல்ல!

ஏன் இதை அழுத்திச் சொல்றேன்னா, இது நம்ம வீட்டுப் பிரச்சினை. தம்பி ஜெயிக்கிறான். அண்ணன், "நீ ஜெயிக்கலேடா, உன் துப்பாக்கி ஜெயிச்சுது"ன்னு சொல்றான். அந்த ஒரு வார்த்தையில தம்பியோட உழைப்பு போச்சு. தன்னோட தவறைப் பார்க்கிற வாய்ப்பு அண்ணனுக்கும் போச்சு! மிக்ஸியில அரைச்ச சட்னி ருசியா இருந்தா, மருமகளுக்குக் கைப்பக்குவமே இல்லேன்னு சொல்லிடுவோமா? உப்பு போட்டது மிக்ஸியா?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கூடம் கோணலா இருந்தா கொத்தனாரைக் கூப்பிடுவோம். ஆடினவளைப் பழிக்க வேண்டாம்.

எனவே வெல்வது ஆயுதம் அல்ல, ஆளே என்று நல்ல தீர்ப்பு வழங்குங்கள் நடுவர் அவர்களே!