கி.பி. 3392-இல் ஓர் இராமன்

யுத்த காண்டத்தைப் படம் காட்டிச் சொல்லுகிற கலை நாஞ்சில் நாட்டுக்குப் புதியதன்று. ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, உளி கொண்டு நுண்ணிய துளைகள் இட்டு, வண்ணம் தீட்டி, வெண்திரைக்குப் பின்னே விளக்கின் ஒளியில் நிறுத்தி, இராமனுக்கும் இராவணனுக்கும் சீதைக்கும் சூர்ப்பணகைக்கும் ஒரே மனிதர் குரலை மாற்றி மாற்றிப் பேசி, இரவுதோறும் கதையை வளர்த்துப் பட்டாபிஷேகத்தில் கொண்டு முடிக்கும் தோல்பாவைக் கூத்துக் கலைஞர்கள், மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களாயினும், தஞ்சை வழியே தென்கோடிக்கு வந்து சேர்ந்து, குமரி மாவட்டத்துக் கிராமங்களை இராமகாதையின் ரசிகர்களாக ஆக்கி வைத்தவர்கள். வால்மீகியும் கம்பரும் அறியாத உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் அந்தத் திரையில் இடையிடையே தோன்றி, உள்ளூர்ப் பேச்சில் உள்ளூர் விவகாரங்களை அலசிவிட்டுப் போவார்கள்; அதனால் காவியத்துக்கு இழுக்கு நேர்ந்ததென்று எங்கள் பக்கத்துப் பெரியோர் கருதியதில்லை. இராமாயணத்தை நெடுந்தொலைவு எதிர்காலத்து யுத்தக் கதையாக மாற்றிய ஒரு சித்திரக்கதையையும் இதே விசாலமான மனத்தோடுதான் அணுக வேண்டும்.

2006-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ‘ராமாயண் 3392 ஏ.டி.’ என்ற ஆங்கிலச் சித்திரக்கதைத் தொடர் வெளிவரத் தொடங்கியது. அதைப் பிரசுரித்த விர்ஜின் காமிக்ஸ், பிரிட்டிஷ் தொழிலதிபர் ரிச்சர்ட் பிரான்சன், எழுத்தாளர் தீபக் சோப்ரா, திரைப்பட இயக்குநர் சேகர் கபூர், அமெரிக்கச் சித்திரக்கதைகளை கோதம் காமிக்ஸ் வாயிலாக முன்பே இந்தியாவுக்குக் கொண்டுவந்திருந்த சரத் தேவராஜன் முதலியோர் சேர்ந்து அதே ஆண்டில் நிறுவிய ஸ்தாபனம். சோப்ராவும் கபூரும் மூலக் கருத்தை வகுத்தளிக்க, ஷமிக் தாஸ்குப்தா கதை எழுத, அபிஷேக் சிங் படம் வரைந்தார். புராணத்தைச் சித்திரமாக்கும் முயற்சி 1967-இல் அனந்த் பை தொடங்கிய ‘அமர் சித்திரக் கதா’வால் இந்தியக் குழந்தைகளுக்குப் பழகிப் போயிருந்தது, ஆனால் அந்தப் பிரசுரங்களில் தேவர்கள் காலண்டர் படங்களின் சாந்தத்தோடு நின்றார்கள். இந்தத் தொடரிலோ வானம் புகை மூடிக் கிடக்கிறது.

மகாயுத்தம் ஒன்றில் பூமியின் பெரும்பகுதி பாழாகிவிட்டது. மனித குலத்தின் கடைசி இராஜ்யமாக ஆர்மகர் எஞ்சி நிற்க, நார்க் என்னும் நிலத்திலிருந்து இராவணனின் அசுர சேனைகள் அதனை நெருக்குகின்றன. இந்தக் கதையில் இராமன் வனவாசம் போவது கைகேயி கேட்ட வரத்தினால் அன்று. எல்லைக் கோட்டையொன்றை அசுரர் வளைத்துக்கொண்டபோது, கடைசி வீரன் விழும்வரை போரிட வேண்டும் என்ற க்ஷத்திரிய நியதியை மீறி, உள்ளே அகப்பட்டிருந்த மக்களின் உயிரைக் காக்கும் பொருட்டுக் கோட்டையை விட்டுக்கொடுக்கிறான்; அந்தக் குற்றத்துக்காகவே நாடு கடத்தப்படுகிறான். சீதையோ, பாழ்பட்ட மண்ணை மீண்டும் தளிர்க்கச் செய்யும் சக்தி படைத்தவள். ஆகவே அவளைக் கவர நினைக்கும் இராவணனின் ஆசை ஒரு பெண்மேல் கொண்ட மோகமாக நின்றுவிடாமல், எஞ்சிய உலகத்தின் விளைச்சலையே தன் கைக்குள் அடக்கிக்கொள்ளும் ஆசையாக விரிகிறது. மூலத்தை மாற்றிவிட்டார்களே என்று வருந்துவோர் வருந்தலாம். வீரம் என்பது வெட்டிச் சாய்ப்பதா, உயிரைக் காப்பதா என்ற கேள்வியை முதற் பகுதியிலேயே கதாநாயகனின் தலையில் சுமத்தி, அதற்கு அவன் கொடுத்த விடைக்காக அவனைத் தண்டிக்கவும் துணிந்த கதாசிரியரை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

யுத்தத்தை எதிர்காலத்தில் வைத்துச் சொல்லும் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கப் போனால், தமிழ் வாசகர்களுக்கு அந்தப் பாதை ஓரளவு தெரிந்ததாகவே இருக்கும். 1972-இல் சிவகாசியில் சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸ் முதன்முதலில் நமக்கு அறிமுகப்படுத்திய ‘இரும்புக்கை மாயாவி’, லண்டனில் ‘வேலியன்ட்’ என்ற வாரப் பத்திரிகையில் 1962-இல் பிறந்தவன். அதே லண்டன் பத்திரிகை உலகிலிருந்து 1977-இல் ‘2000 ஏ.டி.’ என்ற வார இதழ் புறப்பட்டது. முந்தைய தலைமுறைச் சித்திரக்கதைகளில் இரண்டாம் உலகப் போரின் சாகசங்கள் மலிந்து கிடந்தன. ஜெர்மானியன் விழுவான், ஆங்கிலேயன் எழுவான், பையன்கள் கைதட்டுவார்கள். புதிய இதழின் எழுத்தாளர்கள் யுத்தத்தை அந்தக் கொண்டாட்டத்திலிருந்து பிரித்தெடுத்து, பெயர் தெரியாத கிரகங்களுக்குக் கொண்டுபோனார்கள். 1987-இல் இங்கிலாந்தில் தோன்றிய ‘வார்ஹாமர் 40,000’ என்ற மேஜை விளையாட்டும், அதையொட்டி எழுந்த கதைகளும் சித்திரங்களும் இந்த இருண்ட கற்பனையை நாற்பதாயிரமாம் ஆண்டுக்கும் அப்பால் நீட்டிவிட்டன. ஆயினும் இந்த வகையின் உள்ளத்தைக் காண விரும்புகிறவர் 1981-இல் ‘2000 ஏ.டி.’யில் வந்த ‘ரோக் ட்ரூப்பர்’ தொடரைத்தான் முதலில் தேட வேண்டும்.

ஜெரி ஃபின்லி-டே எழுத, பிற்காலத்தில் ‘வாட்ச்மென்’ மூலம் உலகப் புகழ் பெற்ற டேவ் கிப்பன்ஸ் வரைந்த அந்தக் கதை, நியூ எர்த் என்ற கிரகத்தில் நிகழ்கிறது. நார்ட்டுகள் என்றும் சதர்கள் என்றும் இரண்டு தரப்பார் முடிவின்றிப் போரிடுகிறார்கள். ஆண்டுக்கணக்காக வீசிய இரசாயன ஆயுதங்களால் காற்றே நஞ்சாகிவிட, முகமூடியும் கவசமும் இன்றி எவரும் வெளியே மூச்சுவிட இயலாது. ஆகவே சதர்கள், அந்த நச்சுக் காற்றையே சுவாசித்து வாழக்கூடிய நீலமேனி வீரர்களைச் செயற்கையாக உருவாக்குகிறார்கள். அந்த நீலமேனியைக் கண்டதும் நம் நாட்டு வாசகனின் நினைவு எங்கே போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தங்கள் சேனாதிபதி ஒருவனின் துரோகத்தால் அந்தப் படை ஒரே நாளில் அழிக்கப்படுகிறது; தப்பியவன் ஒருவனே. இறந்த தோழர் மூவரின் உணர்வும் நினைவும் சின்னஞ்சிறு சில்லுகளில் சேமிக்கப்பட்டிருக்க, அவற்றை அவன் தன் துப்பாக்கியிலும் தலைக்கவசத்திலும் முதுகுப் பையிலும் பொருத்திக்கொண்டு, அந்தத் துரோகியைத் தேடி அலைகிறான். துப்பாக்கி பேசுகிறது, தலைக்கவசம் எச்சரிக்கிறது, பை அங்கலாய்க்கிறது. மாண்டவர்களைத் தோளிலும் தலையிலும் சுமந்தபடி நடக்கும் சிப்பாய் என்ற இந்த ஒரு கற்பனையிலேயே, போரிலிருந்து திரும்பியவர்களின் மனநிலையைப் பற்றிப் பல பெரும் நூல்கள் சொல்லவந்தது அடங்கியிருக்கிறது. வாரத்துக்கு நாலைந்து பக்கங்களே கிடைத்த இடத்தில், வெறும் கறுப்பு மையால் கிப்பன்ஸ் அந்த நச்சுப் புகையைத் தீட்டியிருக்கும் திறமை சித்திரக்கலை பயில்வோர் நின்று பார்க்கத் தக்கது.

நச்சுக் காற்றும் கற்பனையில் முளைத்ததன்று. 1915 ஏப்ரல் 22-ஆம் நாள் பெல்ஜியத்தின் ஈப்ர நகரத்தருகே ஜெர்மன் சேனை குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. நாலு நாள் கழித்து அதே போர்முனைக்கு அனுப்பப்பட்டவர்களில் இந்தியப் படையின் லாகூர்ப் பிரிவினரும் இருந்தார்கள். போதிய தற்காப்பு ஏதுமின்றி அந்தப் புகைக்குள் அகப்பட்ட பஞ்சாபியரும் பட்டாணியரும் நம்மவர்களே. நியூ எர்த்தின் நச்சு மூட்டத்தை எதிர்காலத்துச் சங்கதி என்று நாம் ஒதுக்கிவிட முடியாதபடி அதன் வேர் நம் வீட்டாரின் நுரையீரலைத் தொட்டிருக்கிறது. எதிர்காலம் என்ற திரை, உண்மையில் நடந்த கொடுமையை இனப்பகையும் தேசப்பகையும் குறுக்கிடாமல் பார்க்க உதவும் ஒரு வசதி. இந்த வகைச் சித்திரக்கதைகளின் தகுதியை அந்த வசதியை எவ்வளவு நேர்மையாகப் பயன்படுத்தின என்பதைக் கொண்டே நான் அளப்பேன்.

அந்த அளவுகோலால் பார்க்கும்போது, ‘ராமாயண் 3392’ தன் தொடக்கத்தில் காட்டிய உயரத்தில் எப்போதும் நிற்கவில்லை. அபிஷேக் சிங்கின் தூரிகை வல்லமை மிக்கது. ஆனால் அந்தப் பிரம்மாண்டமே சில இடங்களில் கதையின் துயரத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. அசுரர்கள் குவியல் குவியலாக வீழும்போது கண் வியக்கிறது, நெஞ்சு அசைவதில்லை. கம்பரின் யுத்த காண்டத்தில் கும்பகர்ணன் தோற்பது தெரிந்தே போருக்குப் போகிறான். இந்திரசித்தின் உடலருகே இராவணன் ஒரு தந்தையாக மட்டும் அழுகிறான். மண்டோதரியின் புலம்பலுக்குப் பிறகு வெற்றி என்ற சொல்லே கசந்துவிடுகிறது. பகைவனின் வீட்டு இழவையும் நம் வீட்டு இழவாக உணர வைத்த அந்தப் பெருமகனின் வழியைச் சித்திரக்கதைக்காரர்களும் கற்க வேண்டும். ஸ்காட்லாந்துக்காரரான கிராண்ட் மாரிசன் மகாபாரதத்தின் பதினெட்டு நாள் யுத்தத்தை, இந்திய ஓவியர் முகேஷ் சிங்கின் சித்திரங்களோடு, ‘18 டேஸ்’ என்று 2010-இல் நூலாக்கியபோதும் என் மனத்தில் இதே குறைதான் எழுந்தது.

விர்ஜின் காமிக்ஸ் நெடுநாள் நிலைக்கவில்லை. 2008-இல் அதன் நியூயார்க் அலுவலகம் மூடப்பட்டது. பிறகு அது கைமாறி லிக்விட் காமிக்ஸ் என்ற பெயரில் தொடர்ந்தது.

எங்கள் பக்கத்தில் இத்தகைய கதைக்குப் பொருள் இல்லாமலா போயிற்று? இரணியலுக்கு அண்மையிலுள்ள குளச்சல் கடற்கரையில் 1741-இல் டச்சுக் கம்பெனிச் சேனை திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மரின் படையிடம் தோற்றது. சிறைப்பட்ட தளபதி டி லனாய் திருவிதாங்கூர்ப் படைக்கே ஐரோப்பிய முறையில் பயிற்சி தந்து, 1777-இல் மறைந்து, தமிழும் லத்தீனும் பொறித்த கல்லறையில் உதயகிரிக் கோட்டைக்குள் உறங்குகிறார். தோற்ற தளபதியே வென்றவனின் சேனைக்கு ஆசானான இந்தக் கதையை, மூவாயிரம் ஆண்டு கழித்து வேறொரு கடற்கரையில் நடப்பதாக மாற்றி வரையத் தக்க இளைஞர்கள் தக்கலையிலும் திங்கள்நகரிலும் இல்லாமற் போகமாட்டார்கள். கல்லூரிகளில் ஓவியம் பயில்கிறவர்கள் முன்வரட்டும். பள்ளி ஆசிரியர்கள் சித்திரக்கதையைப் பையிலிருந்து பறித்து வைக்கும் பழக்கத்தை விடட்டும். அயல்நாட்டு நாயகர்களை அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழ் பேச வைத்த சிவகாசிப் பதிப்பாளர்கள் ‘ராமாயண் 3392’-ஐயும் ‘ரோக் ட்ரூப்ப’ரையும் நல்ல தமிழில், நல்ல தாளில் அச்சிட்டு, இரணியல் போன்ற சிற்றூர்களின் நூலகங்களுக்கும் எட்டச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.