அரங்கு என்னும் சொல்லும் அதன் மணலும்

கோடை பிறந்துவிட்டால் புலம்பெயர்ந்த மண்ணில் நம்மவரின் விளையாட்டுப் போட்டிகளும் தொடங்கிவிடுகின்றன. போட்டி நிகழும் இடத்தை பிரான்சில் வளரும் பிள்ளைகள் ‘ஸ்தாத்’ என்கின்றனர். பெற்றோர் ‘மைதானம்’ என்கின்றனர். அழைப்பிதழிலோ ‘விளையாட்டரங்கு’ என்று அச்சாகிறது. ஓரிடத்துக்கு மூன்று பெயர்கள். மூன்றும் வெவ்வேறு திசைகளிலிருந்து வந்தவை.

‘ஸ்தாத்’, ‘ஸ்ரேடியம்’ ஆகிய இரண்டுக்கும் மூலம் ‘ஸ்ததியோன்’ என்னும் கிரேக்கச் சொல்லாகும். 600 அடி நீளத்தைக் குறிக்கும் அளவுப் பெயர் அது. அத்தூரத்தை ஓடும் பந்தயத்துக்கும், பந்தயம் நிகழ்ந்த இடத்துக்கும் அப்பெயரே வழங்கிற்று. அடியின் அளவு ஊருக்கு ஊர் வேறுபட்டமையால், ஒலிம்பியாவில் ஓடுபாதை ஏறத்தாழ 192 மீற்றராகவும், டெல்பியில் 177 மீற்றராகவும் அமைந்தது. கி.மு. 776இல் தொடங்கியதாக மரபு கூறும் ஒலிம்பிக்கில் முதலில் இருந்த ஒரே போட்டி இவ்வோட்டமே.

ஆங்கிலத்தில் ‘அரீனா’ என்றும் பிரெஞ்சில் ‘ஆறேன்’ என்றும் வழங்கும் சொல் இலத்தீனிலிருந்து வந்தது. அதன் பொருள் வெறும் மணல் என்பதே. உரோமர் தம் வட்டரங்குகளின் நடுவே மணலைப் பரப்பினர். வாட்போர் வீரரின் கால் வழுக்காதிருக்கவும், சிந்திய குருதியை உறிஞ்சவும் அது உதவிற்று. கி.பி. 80இல் திறக்கப்பட்ட கொலோசியத்திலும் அம்மணலே பரந்து கிடந்தது. காலப்போக்கில் மணலின் பெயர் கட்டடத்துக்கே ஆகிவிட்டது.

உரோமப் பேரரசு சரிந்த பின்னர், தென் பிரான்சின் ஆர்ல் நகரத்து வட்டரங்கு வேறொரு பணியை ஏற்றது. பாதுகாப்புத் தேடிய மக்கள் அதன் மதில்களுக்குள் குடியேறினர். வீடுகளும் தேவாலயங்களும் எழுந்து, அரங்கே ஓர் ஊராயிற்று. கொலைக்களமாய் இருந்த இடம் பல நூற்றாண்டுகள் புகலிடமாய் இருந்தது. 19ஆம் நூற்றாண்டிலேயே அவ்வீடுகள் முற்றாக அகற்றப்பட்டன.

இதற்கு நேர்மாறான வரலாறும் உண்டு. பாரிசின் 15ஆம் வட்டாரத்தில் ‘வெலோத்ரோம் திவேர்’ என்னும் உள்ளக சைக்கிளோட்ட அரங்கு இருந்தது. ‘த்ரோம்’ என்பதும் ஓட்டத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழி வந்ததே. 1942 யூலை 16, 17ஆம் நாள்களில், ஜேர்மனியரின் ஆக்கிரமிப்பின்கீழ், பிரெஞ்சுப் பொலிசார் ஏறத்தாழ 13,000 யூதர்களைக் கைதுசெய்தனர். அவர்களுள் குழந்தைகளோடு கூடிய குடும்பத்தினர், சுமார் 8,000 பேர், அவ்வரங்கினுள் அடைக்கப்பட்டனர். உணவும் நீரும் அரிதாகிய பல நாள்களின் பின் முகாம்களுக்கும், அங்கிருந்து அவுஸ்விட்சுக்கும் அனுப்பப்பட்டனர்.

கைதானோரிற் பெரும்பாலோர் வேற்று நாடுகளிலிருந்து வந்தவர்கள். நாடற்றவர்களும் அவர்களுள் இருந்தனர். பிரான்சைப் பாதுகாப்பான நாடென நம்பித் தஞ்சம் புகுந்தோர் பலர். ஆணைக்குப் பணிந்து அவர்கள் அலுவலகத்திற் பதிந்த பெயரும் முகவரியுமே, பின்னர் பொலிசாரின் கைப்பட்டியலாயின. பதிவு அட்டையைச் சட்டைப்பையில் பொத்திக் காக்கும் நமக்கு இச்செய்தியின் கனம் எளிதில் விளங்கும். அவ்வரங்கு 1959இல் இடிக்கப்பட்டது. பிரெஞ்சு அரசின் பொறுப்பை 1995இல் அதிபர் சிராக் ஒப்புக்கொண்டார்.

இனி நம் சொற்களுக்கு வருவோம். ‘மைதானம்’ அரபு, பாரசீக வழியாக வந்தது. கெய்ரோவில் நகரச் சதுக்கத்தையும் அவ்வாறே அழைக்கின்றனர். ‘அரங்கு’ நம்முடைய பழஞ்சொல். திருக்குறளின் கல்லாமை அதிகாரத்தில் அது வட்டாடுதற்கு வரைந்த கட்டத்தைக் குறிக்கிறது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய மேடை அரங்கு. அதன் அகலம் 7 கோல், நீளம் 8 கோல். ஆற்றின் நடுவே நீர் சூழ்ந்த நிலமும் அரங்கமே; திருவரங்கம் அவ்வாறு பெயர் பெற்றது. இவை யாவும் எல்லை வகுக்கப்பட்ட இடங்கள்.

அவ்வெல்லை உள்ளிருப்போரைக் காப்பதற்கா, அடைப்பதற்கா என்பதை வாயிலில் நிற்போரே முடிவுசெய்கின்றனர். ஆர்ல் நகரும் பாரிசும் இதற்குச் சான்று. பாரிசின் பீர்-ஹக்கேம் மெற்றோ நிலையத்தின் அருகே, சேன் நதிக்கரையில், 1942இல் அடைக்கப்பட்டோருக்கான நினைவுச்சின்னம் உள்ளது. ஈபிள் கோபுரம் பார்க்கப் பிள்ளைகளுடன் செல்வோர் சற்று நடந்து அதனையும் காட்டிவருதல் நன்று.