உடுவிலில் ஒரு மாலைச் செபம்

அன்னை உயிர்நீத்தபோது நான் கொழும்பில் இருந்தேன். இறுதி வேளையில் அருகில் இல்லாத குறை நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது. மாரிக்கால மாலையொன்றில் உடுவில் தேவாலயத்தில் மண்டியிட்டேன். சொல் ஒன்றும் எழவில்லை. அப்போது ஹரியற் வின்ஸ்லோ அம்மையாரின் நினைவு வந்தது. 1824இல் இவ்வூரிற் பெண்கள் விடுதிப் பாடசாலையைத் தொடங்கியவர் என எல்லாரும் அறிவர். கல்விக்கென அமெரிக்காவுக்கு அனுப்பிய மைந்தன் அங்கேயே இறக்க, இங்கிருந்து அழுதவர் என்பதை எத்தனைபேர் அறிவர்? 1833இல் அவரும் இம்மண்ணிலேயே கண்மூடினார்.

கப்பல் கொணரும் கடிதமே செய்தியாயிருந்த காலம். தாம் செல்லவியலாத மைந்தனருகே இறைவன் இருக்கவேண்டுமென்பதன்றி, அத்தாய்க்கு வேறென்ன செபம் இருந்திருக்கும்!

“ஆண்டவரே, அன்று அம்மாவருகே நீர் இருந்தீர்” என்றேன். அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை. வெளியே வந்தபோது இருட்டியிருந்தது. பல நாட்களுக்குப்பின் அன்றிரவு உறக்கம் வந்தது.