டாக்டர் ஓட்டின வண்டி!

செகண்ட் ஹாண்ட் ஸ்கூட்டர் வாங்கப் போனால் புரோக்கர் முதலில் என்ன சொல்வார்? "டாக்டர் ஓட்டின வண்டி ஸார்! வீட்டுக்கும் க்ளினிக்குக்கும் மட்டும்தான் ஓடியிருக்கு!"

சரி, அந்த டாக்டரே செகண்ட் ஹாண்டில் ஒரு மெஷின் வாங்கப் போனால்?

என் சிநேகிதன் சின்ன ஊர் நர்ஸிங்ஹோம் ஒன்றில் கணக்கு எழுதுகிறான். அந்த ஊர் கர்ப்பிணிகள் ஒரு ஸ்கேனுக்காக பஸ் பிடித்து டவுனுக்குப் போய் அல்லாடுகிறார்கள். புது மெஷினுக்குப் பணமில்லை. பழசு ஒன்று வாங்கலாம் என்பது டாக்டரம்மாவின் யோசனை. "நீ பி.காம்.தானே, துணைக்கு வாடா" என்று என்னையும் இழுத்துப் போனான்.

கோடவுனில் புரோக்கர் துணியை விலக்கினார். "பெரிய ஆஸ்பத்திரி மெஷின் மேடம். ஒரே ஒரு லேடி டாக்டர்தான் யூஸ் பண்ணாங்க!"

அட, அதே வசனம்!

நல்ல மெஷின் என்றால் பெரிய ஆஸ்பத்திரி ஏன் விற்கிறது? புது மாடல் மோகம் ஒன்று. இன்னொன்று, என் பி.காம். சொல்லும் காரணம். 1962-ம் வருட வருமான வரி விதிகளில் கலர் டாப்ளர், எம்.ஆர்.ஐ. போன்றவற்றுக்கு வருஷத்துக்கு 40 சதவீதம் தேய்மானம் என்று இருந்தது. 100 ரூபாய் மெஷின் முதல் வருஷம் 60, அடுத்த வருஷம் 36 என்று இறங்கி, ஐந்தாம் வருஷக் கடைசியில் 8 ரூபாய்கூடத் தேறாது. கணக்குப் புத்தகத்தில் செத்துப்போன மெஷின், கோடவுனில் உயிரோடு இருக்கிறது! அதை விற்க யாருக்கு மனசு வலிக்கும்?

கூட வந்த டெக்னீஷியன் பெட்டியைத் தொடவே இல்லை. வயிற்றில் வைத்துப் பார்க்கும் 'ப்ரோப்'பைத்தான் கையில் எடுத்தார். அதற்குள் வரிசையாகக் குட்டிக் குட்டிக் கிரிஸ்டல்கள். கீழே போட்டால் சிலது செத்துவிடும். படத்தில் அந்த இடம் இருட்டு.

"ஒரு ஜெம் கிளிப் கொடுங்க" என்றார்.

அதை நிமிர்த்தி, ப்ரோப்பின் முகத்தில் மெள்ள நகர்த்தினார். திரையில் ஒரு வெளிச்சக் கோடு கூடவே நகர்ந்தது. நடுவில் காணாமல் போனது. மறுபடி வந்தது.

"சின்ன விஷயம் மேடம்..." என்று புரோக்கர் இழுத்தார்.

"அந்த இருட்டிலே குழந்தையோட இதயம் இருந்தா?" என்றார் டாக்டரம்மா. புரோக்கரிடம் பதிலில்லை.

2011-ல் வெளியான ஓர் ஆய்வில், வசதி குறைந்த நாடுகளில் 1,12,040 மருத்துவக் கருவிகளைக் கணக்கெடுத்தார்கள். சுமார் 38 சதவீதம் வேலை செய்யவில்லை. காரணம் பழசு என்பது மட்டுமல்ல. இயக்கப் பழகின ஆள் இல்லை, பராமரிப்பு இல்லை, கரண்ட் சரியில்லை!

புரோக்கர் கடைசி அஸ்திரத்தை விட்டார். "ரிஜிஸ்ட்ரேஷன் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் மேடம். விலையைக் குறைச்சுக்கறேன்."

டாக்டரம்மா கிளம்பிவிட்டார்! கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க வந்த 1994-ம் வருடச் சட்டத்தில், 2003-ல் அமலுக்கு வந்த திருத்தம் ஒன்று உண்டு. பதிவு பெறாத இடத்துக்கு ஸ்கேன் மெஷினை விற்கவே கூடாது. மீறினால் ஜெயில்வரை போகலாம்.

மூன்று வாரம் கழித்து வேறொரு கடையில் வாங்கினார்கள். பதிவுச் சான்றிதழைக் காட்டி, பில்லோடு, ஒரு வருஷ சர்வீஸை எழுத்தில் வாங்கிக்கொண்டு. ஜெம் கிளிப் பரீட்சையிலும் பாஸ்!

சந்தோஷமாக வெளியே வந்து என் ஸ்கூட்டரை உதைத்தேன். பன்னிரண்டு உதை. ஊஹும்!

டாக்டர் ஓட்டின வண்டிதான் ஸார்.