பயிற்சி டாக்டர்களின் மனத் தளர்ச்சி

மருத்துவப் பட்டம் பெற்று ஆஸ்பத்திரியில் முதலாண்டுப் பயிற்சிக்கு வரும் இளம் டாக்டர்களிடையே மனத் தளர்ச்சி மிகுதி என்பது நெடுநாளாக அறியப்பட்ட செய்தி. அதற்குக் காரணம் யாது என்பதில்தான் அபிப்பிராய பேதம் இருந்து வந்தது. எளிதில் மனம் சோரும் இயல்புடையோரே இத்தொழிலை நாடி வருகின்றனர் என்று சிலர் கருதினர். பயிற்சியின் கடுமையே அவர்களைச் சோர்வுறச் செய்கிறது என்றனர் வேறு சிலர். பயிற்சியில் இருப்பவர்களை மாத்திரம் பார்த்து இவ்வழக்கைத் தீர்க்க இயலாது. அதற்கு முன் அவர்கள் எந்நிலையில் இருந்தனர் என்பது தெரிந்தாக வேண்டும்.

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த மனநோய் மருத்துவ ஆராய்ச்சியாளர் ஸ்ரீஜன் சென்னும் அவருடைய சகாக்களும் 2007-ம் ஆண்டில் தொடங்கிய ஆராய்ச்சி இக்குறையைப் போக்க முற்பட்டது. அந்நாட்டு வழக்கம் ஒன்று இதற்கு வாய்ப்பாக அமைந்தது. எந்த ஆஸ்பத்திரியில் யார் பயிற்சி பெறுவார் என்பது அங்கே மார்ச் மாதத்திலேயே தெரிந்துவிடும். வேலையோ ஜூலை வாக்கில்தான் தொடங்கும். ஒரு பெருஞ்சுமை இன்ன காலத்தில் இன்னார்மீது விழப்போகிறது என்று முன்கூட்டியே அறிவது மனநோய் ஆராய்ச்சியில் அரிதாகக் கிட்டும் வசதியாகும்.

வேலை தொடங்குமுன் ஒரு முறையும், பின்னர் மூன்று மாதங்களுக்கு ஒரு முறையாக நான்கு முறையும் அதே டாக்டர்களிடம் ஒரு வினாத்தாள் கொடுக்கப்பட்டது. அதில் ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களில் உற்சாகக் குறைவு, தூக்கக் கேடு, களைப்பு, கவனச் சிதறல் முதலியவை எந்த அளவுக்கு இருந்தன என்று அவை வினவும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். ஆக மொத்தம் 27. இதில் 10-ம் அதற்கு மேலும் பெற்றவர் மனத் தளர்ச்சியுற்றவர் எனக் கொள்ளப்பட்டார்.

2010-ம் ஆண்டில் வெளியான முடிவுகள் 13 ஆஸ்பத்திரிகளைச் சேர்ந்த 740 பேரைப் பற்றியவை. பயிற்சிக்கு முன் அவர்களில் நூற்றுக்கு 3.9 பேரே மனத் தளர்ச்சி எல்லையில் இருந்தனர். பயிற்சிக் காலத்தில் இது சராசரியாக 25.7 ஆக உயர்ந்தது. ஆட்கள் அவர்களே, மாறியது அவர்கள் இருந்த சூழ்நிலை. எனினும், முன்பே மனத் தளர்ச்சி கண்டவர்களும் இளமையில் குடும்பத் துன்பம் அனுபவித்தவர்களும் கூடுதலாகப் பாதிக்கப்பட்டனர். ஆகவே இயல்பு பற்றிய வாதம் முற்றிலும் பொய்யன்று. அழைக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 58 பேரே இசைந்தனர் என்பதையும், வினாத்தாள் மதிப்பெண் ஒரு டாக்டர் நேரில் பரிசோதித்துச் செய்யும் நோய் நிர்ணயத்துக்கு ஈடாகாது என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

சூழ்நிலையில் எது முக்கியம்? அதே ஆராய்ச்சியில் சேர்ந்த 17,082 முதலாண்டு டாக்டர்களைப் பற்றி 2022-ல் வெளியான கட்டுரை வேலை நேரத்தைச் சுட்டுகிறது. வாரத்துக்கு 40 முதல் 45 மணி நேரம் உழைத்தவர்களின் மதிப்பெண் சராசரியாக 1.8 உயர்ந்தது, 90 மணிக்கு மேல் உழைத்தவர்களுக்கோ 5.2 உயர்ந்தது. இடைப்பட்டவர்களிடம் இவ்வுயர்வு மணிக் கணக்கை ஒட்டியே படிப்படியாக ஏறியது. உரத்தின் அளவைப் பாத்திக்குப் பாத்தி மாற்றிப் பார்த்துப் பழகிய களப் பணியாளர்களுக்கு இத்தகைய ஏற்றத்தின் பொருள் விளங்கும். ஆனால் இங்கே வேலை நேரத்தை ஆராய்ச்சியாளர்கள் பங்கிட்டுத் தரவில்லை. தாமாக நேர்ந்த வேறுபாடுகளையே கணித முறையில் ஒப்பிட்டனர்.

இது டாக்டர்களின் சொந்தத் துன்பம் மாத்திரமன்று. மூன்று அமெரிக்கக் குழந்தை ஆஸ்பத்திரிகளில் 123 பயிற்சி டாக்டர்களைக் கவனித்து 2008-ல் வேறொரு குழுவினர் வெளியிட்ட ஆய்வில், மனத் தளர்ச்சியுற்றவர்கள் ஏனையோரைப்போல் சுமார் ஆறு மடங்கு மருந்துப் பிழைகள் செய்திருந்தனர். தளர்ச்சியால் பிழையா, பிழையால் தளர்ச்சியா என்பதை அவ்வாய்வு தீர்க்கவில்லை. நோயாளிக் குழந்தைக்கு இரண்டும் ஒன்றுதான்.

நம் நாட்டில் தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழுவின் அறிக்கை 2024-ல் வெளிவந்தது. அதற்கெனத் திரட்டிய விவரங்களில், மருத்துவப் பட்ட வகுப்பினரில் 27.8 சதவீதத்தினரும், மேற்பட்ட வகுப்பினரில் 15.3 சதவீதத்தினரும் தமக்கு மனநலக் குறை உண்டெனத் தெரிவித்திருந்தனர். ஒரே ஒரு முறை கேட்டு எடுத்த கணக்காதலால், படிப்புக்கு வருமுன் இருந்தது எவ்வளவு, வந்தபின் நேர்ந்தது எவ்வளவு என்பதை இதிலிருந்து பிரித்தறிய வழியில்லை. வேலை நேரத்துக்கு இக்குழு சிபாரிசு செய்த உச்ச வரம்பு வாரத்துக்கு 74 மணி. ஆஸ்பத்திரிகளில் தங்கிப் பயிலும் டாக்டர்கள் சாதாரணமாக வாரத்துக்கு 48 மணி நேரமும், ஒரே தொடர்ச்சியாக 12 மணிக்கு மிகாமலும் வேலை செய்யவேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 1992-லேயே பணித்திருந்தது.